எடமில்ல பாய்

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஜவ்வாது மலையில் யாரிடம் விசாரித்தாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். எடமில்ல பாய் என்று கேட்டுப் பாருங்கள், சாமை அறுத்துக்கொண்டிருக்கிறவர்கூட அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும் காலை பஸ்ஸில் அவர் கண்டக்டர். நான் மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிற டெக்னீஷியன். தினமும் அவர் பஸ்ஸில்தான் ஏறினேன். ஆறு வருடம். நான் வீட்டில் பேசியதைவிட அவரோடு பேசியது அதிகம் என்று என் மனைவி சொல்வாள். அதில் பொய் இல்லை.

உட்கார்ந்து வருகிறவர்கள் போக, நின்று வர இருபது பேர். இது அரசாங்கம் சொன்ன கணக்கா, அவர் போட்ட கணக்கா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஆலங்காயத்தில் இருபதாவது ஆள் ஏறியதும் படிக்கட்டில் குறுக்கே கையை வைத்து, "எடம் இல்ல" என்பார். குரலில் கோபம் இருக்காது. மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொல்வார். பிறகு இரண்டு விசில். பஸ் கிளம்பிவிடும். கீழே நிற்பவர் கத்துவது வளைவு திரும்பும்வரை கேட்கும்.

ஒருமுறை இருபத்தியோராவது ஆளாக வந்து நின்றவர் அவருடைய மனைவியின் தம்பி.

"மச்சான், நான்தான்."

"தெரியுது. எடம் இல்ல."

"அரே, நான்தான் மச்சான்!"

"அதான் தெரியுதுன்னு சொல்றேனே. அடுத்த வண்டில வா."

இரண்டு விசில். மறுநாள் காலை பாயின் டிபன் கேரியர் வழக்கத்தைவிட லேசாக இருந்தது. காவலூரில் திறந்து பார்த்தால் மூன்று அடுக்கும் சுத்தமாகக் கழுவிக் காலியாக இருந்தன. அதை அவரே பஸ்ஸெல்லாம் கேட்கும்படி சொல்லிச் சிரித்துவிட்டு, என்னுடைய எலுமிச்சை சாதத்தில் பாதியை எடுத்துக்கொண்டார்.

ஏற்றுவதில்தான் இந்தக் கறார். ஏற்றிக்கொண்ட பிறகு அவர் வேறு ஆள். ஒருநாள் குடித்துவிட்டு ஏறிய ஒருவர் நாலாவது வளைவில் வாந்தி எடுத்து, பக்கத்தில் இருந்த அம்மாவின் புடவையைப் பாழாக்கிவிட்டார். எல்லோரும் அவரை இறக்கிவிடச் சொன்னார்கள். நானும் சொன்னேன். பாய் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்த ஆளின் கையில் கொடுத்தார். "டிக்கெட் போட்டாச்சு. இவரு ஊரு வந்தாதான் எறங்குவாரு. காட்டுல எறக்கி உட்றதுக்கு நான் எதுக்கு ஏத்தணும்?" என்றார். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதும் அவர்தான், குடித்தவர் இல்லை.

அவர் மகள் கல்யாணத்திலும் இதே கதை. பாயின் அண்ணன் தம்பிகள் எல்லாரும் தோல் வியாபாரம். அவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் ஊரே சாப்பிடும். பாய் இரண்டு தேக்சா, அதாவது இரண்டு பெரிய அண்டா, பிரியாணிதான் என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் ஒரு தேக்சா வைத்தாலும் சமையல்காரரின் கண் மூன்றாவதில் இருக்கும், முதல் இரண்டும் குழைந்துபோகும் என்பது அவர் வாதம். இரண்டு தேக்சாவுக்கு எத்தனை பேரோ அத்தனை பத்திரிகை. சொந்தத்தில் பாதிப் பேருக்குப் பத்திரிகை போகவில்லை. எனக்கு வந்தது. டிரைவர் அண்ணனுக்கு வந்தது. நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பிரியாணி சாப்பிட்டதில்லை. ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக நின்றது. அழைக்கப்படாதவர்கள் இன்றும் அதைச் சொல்லித் திட்டுகிறார்களாம், பாயே சொன்னார், சந்தோஷமாக.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கால்பந்துப் பைத்தியம் வேறு. சின்ன வயதில் வாணியம்பாடியில் இடது ஓரத்தில் ஓடி ஆடியவர். முழங்கால் போனதும் விசிலோடு நின்றுவிட்டார். அவருடைய செல்போனைத் திறந்தால் மகள் படம் இருக்காது, பேரன் படம் இருக்காது, கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு சிவப்புச் சட்டை அணியின் படம் இருக்கும். அந்த அணி வருடா வருடம் அவரை அழவைத்துக்கொண்டிருந்தது. அவர் மாறவில்லை.

உலகத்தின் பெரிய கிளப்புகள் எல்லாம் சேர்ந்து ஆடும் போட்டியைப் பெரிதாக்கப் போகிறார்கள், ஏழு அணிகள் ஆடிய இடத்தில் இனி முப்பத்திரண்டு ஆடும் என்ற செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டியது நான்தான். டிக்கெட் மெஷினில் பட்டனை அழுத்திக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது.

"ஏழுக்கு அப்பறம் முப்பத்திரெண்டா? நடுவுல ஸ்டாப்பே இல்லியா?"

எனக்குப் பின்சீட்டில் ஒரு புளி வியாபாரி அக்கா உட்கார்ந்திருந்தார். மலையில் புளி வாங்கி செங்கம் சந்தையில் விற்கிறவர். வாரம் இரண்டு நாள் எங்களோடு வருவார். அவர் கேட்டார், "இன்னா பாய், காலைலயே மூஞ்சி இப்படிக் கீது?"

"ஒண்ணுமில்லக்கா. ஓவர்லோடு அடிக்கிறானுங்க."

"நாலு பேரு ஜாஸ்தி வந்தா நல்லதுதானே? திருவிழா மாதிரி இருக்கும்."

"திருவிழாவுல தேரு ஒண்ணுதான்க்கா. முப்பத்திரெண்டு தேர உட்டா எத இழுப்பீங்கோ?"

"பெருசா இருக்கிறத," என்றார் அக்கா. பஸ் முழுவதும் சிரித்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. "அதேதான். பெருசா இருக்கிறததான் இழுப்பாங்கோ. மிச்சத்த தெருவுல உட்டுட்டுப் போய்டுவாங்கோ," என்று சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கொடுத்தார்.

போட்டி தொடங்கும் நாள்வரை அவரிடம் குறைகள் தீரவில்லை. ஆடுகிறவன் வருடம் முழுக்க ஆடிக் களைத்துப் போயிருக்கிறான், அவனுக்கு லீவே இல்லையா என்பார். கொளுத்துகிற மதிய வெயிலில் ஆடவைக்கிறார்களே என்பார். எந்த அணியை எப்படிச் சேர்த்தார்கள் என்று ஒருவனுக்கும் புரியவில்லையே என்பார். அவருடைய சிவப்புச் சட்டை அணிக்கு அதில் இடமே கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த வயிற்றெரிச்சல் என்று டிரைவர் அண்ணன் கண்ணாடி வழியாகச் சீண்டினார்.

"முப்பத்திரெண்டுலயும் எடம் கெடைக்கலன்னா அது எங்க டீமோட லட்சணம்ணே. எங்களுக்காக முப்பத்தி மூணாக்கச் சொல்லுவேன்னு பாத்தியா?"

போட்டி தொடங்கியது. இவ்வளவு திட்டியவர் அந்தப் பக்கமே திரும்பமாட்டார் என்று நினைத்தேன். ஒரு ஆட்டம் விடவில்லை. சில ஆட்டங்கள் நம் ஊர் நேரத்துக்குக் காலையில் விழுந்தன, சரியாக எங்கள் பஸ் மலை ஏறும் நேரத்தில். டூட்டியில் போனைத் தொடமாட்டார். ஆகவே அவருடைய கண் நான்தான். முன்சீட்டில் என்னை உட்காரவைத்து, "தம்பி, கண்ண எடுக்காத" என்பார். வளைவுகளில் சிக்னல் போய்விடும். அந்த நேரம் முழுக்க அவர் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே டிக்கெட் கொடுப்பார். மேலே ஏறி ஒரு கோடு சிக்னல் வந்ததும் நான் கத்துவேன். கடைசிச் சீட்டிலிருந்து அவர் திருப்பிக் கத்துவார். பத்து நாளில் மொத்த பஸ்ஸும் கெட்டுப்போனது. மூட்டையோடு இறங்குகிறவர்கள் ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் என்று நின்று, "கடைசில யாருப்பா கெலிச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அப்போதும் அவர் வாய் ஓயவில்லை. காலி இருக்கைகளைப் போனில் காட்டினால் முகம் மலர்ந்துவிடும். "பாத்தியா? டீமு ஓவர்லோடு, சீட்டு எல்லாம் காலி. இந்த மாதிரி ஒரு டிரிப்ப நம்ம டிப்போவுல போட்டா மறுநாளே நிறுத்திடுவாங்கோ."

அந்தப் போட்டியில் ஒரு தூரத்துத் தீவு நாட்டிலிருந்து ஓர் அணி வந்திருந்தது. அதில் ஆடியவர்களில் பலரும் பகலில் வேறு வேலை செய்கிறவர்கள். ஒருவர் வாத்தியார், இன்னொருவர் முடி திருத்துகிறவர். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆட வந்திருக்கிறார்கள் என்று செய்தியில் போட்டிருந்தது. அதை வாசித்ததும் பாய் கேட்ட முதல் கேள்வி: "சம்பளத்தோட லீவா, இல்லாமலா?"

தேடிப் பார்த்தேன். "சம்பளம் இல்லாம போல பாய்."

முதல் ஆட்டத்திலேயே அவர்கள் பத்து கோல் வாங்கினார்கள். அன்று அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே, எனக்கே பயமாகிவிட்டது. "லீவு போட்டுக்கினு வந்தவன இந்த அடி அடிக்கிறதுக்கா கூப்ட்டாங்கோ? ஏத்திக்கினு வந்து நடு வழில எறக்கி உட்றது இதான்." ஆலங்காயத்திலிருந்து காவலூர்வரை இதையே சொன்னார். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொன்னார்.

அந்த அணியின் கடைசி ஆட்டம் நாங்கள் தூங்கும்போது நடந்து முடிந்தது. காலையில் பஸ்ஸில் ஏறி முடிவை வாசித்தேன். எதிரே ஆடியது உலகப் பெயர் பெற்ற அணி. ஒன்றுக்கு ஒன்று, சமன். கோல் போட்டது வாத்தியார்.

"யாரு?"

"வாத்தியாரு பாய். ஸ்கூல் வாத்தியாரு."

ஒரு ஸ்டாப்பில் நின்றிருந்தோம். இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறிவிட்டார்கள். விசில் வரவில்லை. டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தார். பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தார். துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. அவர் இரண்டு விசில் ஊதிவிட்டு என்னிடம் குனிந்து, "ஆட்டம் நல்ல ஆட்டம்தான் தம்பி. ஆனா போட்டி தப்பு," என்றார். இந்த மனிதரை என்னதான் செய்வது?

இனி எங்கள் மலைக் கோப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு மலை ஊர்கள் மாசி மாதம் ஆடுகிற போட்டி. சாமை அறுத்த நிலம்தான் மைதானம். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மேடு நோக்கி அடித்த பந்து பாதி வழியில் யோசித்துவிட்டுத் திரும்பி வரும். ரெஃப்ரி பாய்தான். விசில் பஸ் விசிலேதான். அதனால் எங்கள் மலையில் கால்பந்துக்கும் பஸ் சட்டம்தான்: ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போகலாம். பிறந்ததிலிருந்து அந்த பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கோப்பையில் ஆட ஒரு விதி உண்டு. அந்த எட்டு ஊரில் ஏதாவது ஒன்றில் சொந்த வீடு இருக்க வேண்டும். எனக்கு இல்லை. வனக்காவலர் ஒருவருக்கு இல்லை. பள்ளிக்கூட வாத்தியார்கள், ரேஷன் கடைக்காரர், கரண்டு லைன்மேன், வானாய்வு மையத்தில் சமைக்கிறவர், இவர்கள் யாருக்கும் இல்லை. மலையில் வேலை பார்க்கிறோம், மலைத் தண்ணீர் குடிக்கிறோம், மாசி வந்தால் வேலிக்கு வெளியே நிற்கிறோம். இவர்களைச் சேர்த்து ஆபீஸ் டீம் என்று ஒன்று கட்டி, நாலு வருடம் கமிட்டிக்கு மனு எழுதினேன். ஒவ்வொரு முறையும் தலைவர், பெரிய சாமை விவசாயி, நல்ல மனிதர், "பாக்கலாம் சார்" என்பார். அத்தோடு சரி. வேடிக்கை பார்க்கிற இடத்திலிருந்து அந்த நிலத்தைப் பார்க்கும்போது எனக்கு எவ்வளவு ஏக்கமாக இருக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை.

உலகப் போட்டி எங்களுக்கு வழி திறந்தது. அதைப் போனில் பார்த்த தலைவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. "அவனே முப்பத்திரெண்டு ஆக்கிட்டான். நாம பதினாறு ஆக்குனா இன்னா?" என்று தை மாதக் கூட்டத்தில் கேட்டார். கீழிருந்து ஏழு அணிகளைக் கூப்பிடலாம், பதினாறாவதாக ஆபீஸ் டீமைப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. அப்போது பின்னாலிருந்து பாயின் குரல் கேட்டது.

"எடம் இல்ல தலைவரே."

கிரவுண்டு ஒன்று, நாள் மூன்று, பதினாறு அணி ஆடினால் ஆட்டத்தைப் பாதி நேரமாகக் குறைக்க வேண்டிவரும். கீழிருந்து வருகிற பையன்கள் சமநிலத்தில் தினமும் ஆடுகிறவர்கள், களத்துவேலை முடித்து வருகிற மலைப் பையன்களைச் சப்பிப் போட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"பாய், எங்களுக்கும் சேத்துதான் சொல்றீங்களா?"

என்னை நேராகப் பார்த்தார். "ஆமா தம்பி. உங்களுக்கும் சேத்துதான்."

கமிட்டி அவர் பேச்சைக் கேட்கவில்லை. பதினாறு என்று முடிவானது. எங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. அவருடைய சிவப்புச் சட்டை அணியின் ஸ்கோர் சொல்லவில்லை. அவர் புளி வியாபாரி அக்காவிடம் போனைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அக்கா போனில் தெரிந்த மணியை ஸ்கோர் என்று நினைத்து, "உங்க டீமு எட்டு, அவங்க முப்பது" என்று வாசித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததை அவர் பார்த்துவிட்டார். அதோடு சண்டை முடிந்தது. ஆனால் அந்த "ஆமா தம்பி" உள்ளே கிடந்தது.

எங்கள் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றோம். காலையில் காட்டில் ஒரு பக்கம் தீ என்று செய்தி வந்து வனக்காவலர் ஓடிவிட்டார். பத்து பேர். மாற்று ஆள் கிடையாது. பதினோரு பேர் இல்லையென்றால் ஆட்டத்தில் இல்லை என்பது கமிட்டி விதி. எதிரணி கீழிருந்து வந்தது, எல்லாருக்கும் ஒரே மாதிரி ஷூ, ஒரே மாதிரி பை. தலைவர் சங்கடத்தோடு கையைப் பிசைந்தார்.

"இன்னா சார் பண்றது? ஆள் இல்லன்னா வெளியதான் போவணும்."

நாலு வருட மனு, இப்படி முடிகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது, முப்பத்தாறு வயதில். அப்போது பாய் நடுக்கோட்டிலிருந்து நடந்து வந்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, வேடிக்கை பார்க்க வந்திருந்த டிரைவர் அண்ணனின் கையில் வைத்தார்.

"இவங்கள ஏத்தாதீங்கன்னு சொன்னேன். கேக்கல. ஏத்திட்டீங்கோ. இப்ப எறக்கி உட்டா நான் ஒத்துக்க மாட்டேன். எனக்கும் இங்க வூடு கெடையாது, எழுதிக்கோங்க பதினோராவது ஆளு." என்னிடம் திரும்பி, "லெஃப்ட்ல நிக்கிறேன். பந்த காலுக்குக் குடு, ஓட வுடாத," என்றார்.

முதல் பாதியில் மேட்டை நோக்கி ஆட வேண்டியது எங்கள் தலைவிதி. ஐந்து கோல் வாங்கினோம். ஐந்திலும் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேலிக்கு உள்ளே நிற்கிறோமே, அதுவே போதும் என்றிருந்தது. ரேஷன் கடைக்காரர் ஒவ்வொரு கோலுக்கும் எதிரணிக்குக் கை கொடுத்தார்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நடுக்களத்தில் எதிரணி ஆள் ஒருவன் தடுக்கி விழுந்தான். எங்கள் ஆட்கள் தயங்கி நின்றார்கள். அது தப்பாட்டம் இல்லை, தொடர்ந்து ஆடுங்கள் என்று சொல்ல நினைத்தார் டிரைவர் அண்ணன். அவருக்கு அதைச் சொல்ல ஒரே வழிதான் தெரியும். இரண்டு விசில் ஊதினார்.

எல்லா ஊரிலும் இரண்டு விசில் என்றால் இடைவேளை. கீழிருந்து வந்த பதினோரு பேரும் திரும்பித் தண்ணீர்க் குடத்தை நோக்கி நடந்தார்கள். கோல்கீப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே போனார். பாய்க்கோ இரண்டு விசில் என்றால் இருபத்தெட்டு வருடமாக ஒரே அர்த்தம். பந்து அவர் காலில் இருந்தது. கிளம்பிவிட்டார்.

வேலியோரம் மொத்த மலையும் புரிந்துகொண்டு கத்தியது: "போலாம்! போலாம் பாய், போலாம்!" ஐம்பத்து நாலு வயது. ஒரு முழங்கால் மடங்கும், ஒன்று மடங்காது. காலி கோலை நோக்கி உதைத்தார். பந்து மேட்டில் ஏறி, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்று, யோசித்து, திரும்பி உருண்டு வந்தது. மறுபடி உதைத்தார். மறுபடி வந்தது. அதற்குள் எதிரணிக்கு விஷயம் விளங்கி ஓடி வந்தார்கள். பாய் பந்தோடு சேர்ந்து தானும் விழுந்து, நெஞ்சால் தள்ளிக்கொண்டு கோட்டைக் கடந்தார்.

அப்படி ஒரு சத்தத்தை நான் அந்த மலையில் கேட்டதில்லை. லைன்மேன் என்னைத் தூக்கினார், நான் வாத்தியாரைத் தூக்கினேன். புளி வியாபாரி அக்கா வேலி தாண்டி உள்ளே வந்துவிட்டார். பாய் வலைக்குள் மல்லாந்து கிடந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு வருடம் மனு எழுதலாம்.

எதிரணித் தலைவன் கொதித்துப்போய் வந்தான். "ரெண்டு விசில்னா ஹாஃப் டைம்ங்க!"

டிரைவர் அண்ணன் அசையவில்லை. "தம்பி, ரெண்டு விசில் கேட்டா நான் வண்டிய எடுப்பேன். உங்க ஊருல நிறுத்துவாங்களா?"

பாய் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து, "அண்ணே, அவங்க ரெடியா இல்ல. கோல வுட்டுடு," என்றார். நாங்கள் பத்து பேரும் சேர்ந்து அவர் வாயைப் பொத்தினோம். கோல் கோல்தான் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். ஆட்டம் எட்டுக்கு ஒன்று என்று முடிந்தது. அந்த ஒன்றைப் பற்றி மட்டும்தான் மலையில் பேசினார்கள்.

இறுதி ஆட்டம் முடிந்த சாயங்காலம் கமிட்டி கூடியது. கோப்பை கீழே போய்விட்டது என்று மலை அணிகளில் சிலருக்கு வருத்தம். அடுத்த வருடம் மறுபடி எட்டாக்கிவிடலாமா என்று பேச்சு கிளம்பியிருந்தது. எட்டானால் நாங்கள் பழையபடி வேலிக்கு வெளியே. அணிக்கு ஓர் ஓட்டு என்றார் தலைவர். நான் எங்கள் அணித் தலைவர் பதவியை அப்போதே பாய்க்குக் கொடுத்துவிட்டேன். மலையே கொண்டாடுகிற கோலைப் போட்டவர் எழுந்து நின்றால் எவனுக்கு எதிர்த்துப் பேச மனம் வரும் என்பது என் கணக்கு. பாய் எழுந்து நின்றார்.

"எனக்கு அம்பத்தி நாலு வயசு. முட்டி போச்சு. நானே கோல் போடுறேன்னா அது இன்னா போட்டி தலைவரே? அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோசம் என் பொண்ணு கல்யாணத்துலகூட இல்ல. அல்லா மேல சத்தியம். ஆனா எங்கள மாதிரி டீம சேக்கக் கூடாது. எட்டுதான் சரி."

தலைவர்தான் முதலில் சிரித்தார். அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வருத்தத்தோடு வந்திருந்த மலை அணிக்காரர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். பதினாறு தொடரட்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் தலைவர். எண்ணினார். பதினைந்து கை. எதிர்ப்பவர்கள் என்றார். ஒரே ஒரு கை உயர்ந்தது, எங்கள் அணியினுடையது.

"சரி பாய், பதினாறு முடிவாச்சு. அடுத்த வருசத்துக்கு ஆபீஸ் டீமு கேப்டன் யாருன்னு போடட்டும்?" என்று தலைவர் பெயர் எழுதும் நோட்டை நீட்டினார். பாய் தூக்கிய வலது கையை இறக்காமல், இடது கையால் பேனாவை வாங்கி, கோணல் மாணலாகத் தன் பெயரை எழுதினார்.